மாத்திரை போட்டுவிட்டு விரதம் இருந்தால் ஏன் நடுக்கம் வருகிறது?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. சர்க்கரைக்கு கிளிமெபிரைடு எடுக்கிறார். ஏகாதசியன்று வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு விரதம் இருந்தார். பதினோரு மணிக்கெல்லாம் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கிவிட்டது. மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கும் அம்மாவும் அதே விரதம்தான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன்?

பதில்: இரண்டும் சர்க்கரை மாத்திரைதான், ஆனால் வேலை செய்யும் இடம் வேறு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லின் சுவரில் ஒரு பொட்டாசியம் கதவு இருக்கிறது. நான்கு புரதங்கள் கூடி நடுவே ஒரு துளையை உண்டாக்குகின்றன. துளையின் உள்வாயில் நான்கு சுருள்கள் நெருங்கி வந்தால் வழி அடைபடும். விலகினால் பொட்டாசியம் வெளியேறும். சுற்றிலும் எஸ்யுஆர்1 என்ற பெரிய புரதங்கள் நான்கு.

சாப்பிட்டதும் செல்லுக்குள் குளுக்கோஸ் எரிந்து, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு பெருகும். அது துளைப் புரதத்தில் ஒட்டினால் கதவு மூடும். பொட்டாசியம் வெளியேறாததால் செல்லின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் நுழைந்து, இன்சுலின் வெளிவரும். சர்க்கரை இறங்கினால் ஏடிபி குறையும். பாஸ்பேட் ஒன்றை இழந்த அதன் மிச்சம் எஸ்யுஆர்1-இல் ஒட்டிக் கதவைத் திறக்கும். இன்சுலின் அடங்கிவிடும்.

கிளிமெபிரைடு வகை மருந்துகள் எஸ்யுஆர்1-க்குள் புகுந்து அதை அசையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அப்புறம் வயிறு காலியாக இருந்தாலும் கதவு சரியாகத் திறக்காது, இன்சுலின் சுரந்துகொண்டே இருக்கும். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, வியர்வையும் நடுக்கமும் வரும். அப்பாவுக்கு நடந்தது இதுதான். மெட்ஃபார்மின் இந்தக் கதவைத் தொடுவதில்லை. முக்கியமாக, கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதைக் குறைக்கிறது.

சில குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே சர்க்கரை நோய் வரும். பலருக்குக் காரணம், மரபணுக் கோளாறால் இதே கதவு மூட மறுப்பது என்று 2004-இல் தெரிந்தது. இதே வகை மாத்திரையால் அவர்களில் பெரும்பாலானோர் இன்சுலின் ஊசியையே விட முடிந்தது. எனக்கு இன்றும் வியப்பு தரும் விஷயம் இது.

சரி, இனி என்ன செய்வது? விரத நாளில் மாத்திரையை நிறுத்துவதா குறைப்பதா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள்; நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். நடுக்கம் வந்தால் விரதத்தை அங்கேயே முடித்துவிடுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சரியானாலும் சாப்பாடு கொடுங்கள், ஏனென்றால் மாத்திரையின் பிடி பல மணி நேரம் நீடிக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் நீளும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.