ஆசை எங்கிருந்து வருகிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 31. சொந்த ஊர் விருத்தாசலம் பக்கம். பெங்களூரில் மென்பொருள் வேலை. சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்க வேண்டும் என்று சில வருடங்களாக ஆசை. யோசித்துப் பார்த்தால், கூடப் படித்தவர்கள் லிங்க்ட்இன்னில் போடும் பதிவுகளைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசைதான் அது. தத்துவவாதி ஜே. கிருஷ்ணமூர்த்தியைப் படித்ததில் குழப்பம் கூடிவிட்டது. லட்சியமே மனதைக் கெடுக்கிறது என்கிறார். செல்போனும் வீடும் ஊரும் ஊட்டியதை எல்லாம் கழித்துவிட்டால் என்னுடையது என்று என்ன மிஞ்சும்?

இடையில் சித்தியின் தையல் கடைக்கு ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஆளுக்குச் சுடிதார் அளவு ஒன்று, பிளவுஸ் அளவு ஒன்று, போன தீபாவளி அளவு ஒன்று. சித்தி இதையெல்லாம் பழைய நோட்டில் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறார். அதை எப்படிச் சேமிப்பது என்று ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்திருக்கிறேன். அதில் காசு கிடையாது. வேலையை விட்டுவிட்டு கம்பெனியைத் தொடங்கிவிடலாமா? வீட்டுக் கடன் இருக்கிறது.

கே., பெங்களூரு

அன்புள்ள கே.,

கழித்துப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது. யாருக்கும் மிஞ்சாது.

பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வைத்த பெயர் வேங்கடராமன். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போனபோது, வேறு பெயர் உண்டா என்று பிள்ளை கேட்டார். வீட்டில் சாமா என்று கூப்பிடுவார்கள் என்று தெரிந்ததும் சாமிநாதன் என்றே அழைக்கத் தொடங்கினார். அந்தப் பெயர்தான் நமக்குத் தெரிந்த பெயர்.

அன்றைய தமிழ் வித்துவானின் கனவு என்ன? ஒரு கோயிலூரின் பெருமையைச் சொல்லும் தலபுராணம் பாடி அந்த ஊரிலேயே அரங்கேற்ற வேண்டும், ஆதீனத்தில் மரியாதை வாங்க வேண்டும். பிள்ளை மனதிலிருந்தே செய்யுளைச் சொல்லிக்கொண்டு போவார், மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். எதைப் படிக்கலாம், எது வீண் என்பதிலும் சைவ மடத்தின் தத்துவத்துக்குக் குரல் இருந்தது. திருவாவடுதுறையைச் சேர்ந்த சுவாமிநாத தேசிகர் தன் இலக்கணக் கொத்தில், சிந்தாமணி (சீவக சிந்தாமணி என்ற சமணக் காப்பியம்), சிலப்பதிகாரம், மணிமேகலை என்று படித்து வாழ்நாளை வீணாக்குகிறார்களே என்று சலித்துக்கொண்டவர். இப்படி ஒரு சூழலில் வளர்ந்த பையனுக்குச் சிந்தாமணியைப் பதிப்பிக்கும் ஆசை தானாக வர வழியே இல்லை.

வெளியிலிருந்துதான் வந்தது. 1880இல் சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வருகிறார். அவரைப் பார்க்கப் போன சாமிநாதையர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று தான் படித்ததை எல்லாம் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். இவர் 25 வயதுக் கல்லூரித் தமிழாசிரியர், ஊரில் பெயர் உள்ளவர். உறைத்திருக்கும். ஆங்கிலம் படித்த ஒரு நீதித்துறை அதிகாரியின் ரசனைதானே அது என்று அவர் ஒதுக்கியிருக்கலாம். நீங்கள் உங்கள் ஆசையைக் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் ஒதுக்கித்தான் இருப்பார்.

முதலியார் கேள்வியோடு நிறுத்தவில்லை, கையில் ஒரு பிரதியையும் கொடுத்தார். அப்புறம் ஏழு வருடம். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரமா ஏகாரமா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூலமும் உரையும் ஒன்றோடொன்று கலந்து ஓடும். சமணக் கொள்கை தெரியாமல் பொருள் நகரவில்லை என்று, சைவ மடத்தில் பாடம் கேட்டவர் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டார். சிந்தாமணிக்குப் பழைய உரை எழுதிய நச்சினார்க்கினியரின் உரையில் வரும் மேற்கோள்கள் எந்த நூலில் உள்ளவை என்று துருவப் போய்ச் சங்க நூல்களுக்குள் நுழைந்தார். அச்சுச் செலவுக்கு, புத்தகம் வாங்கிக்கொள்வதாகச் சொல்பவர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தார். 1887இல் சிந்தாமணி வந்தது.

இதற்குள் அவர் வேறு ஆளாகியிருந்தார். பல ஏடுகளை ஒப்பிட்டுத் திருத்தமான ஒரே பாடத்தை, அதாவது மூல வாசகத்தை, நிறுவுவது அவருடைய வேலையாகிவிட்டது. ஏட்டுக் காலத்தில் அந்த வேலைக்கு இவ்வளவு அவசரம் இல்லை, ஏனென்றால் எழுதுகிறவர் கைக்கு ஒரு பாடம் இருந்தது. அச்சில் ஒரு பிழை விழுந்தால் நூற்றுக்கணக்கான பிரதிகளிலும் அதே பிழை. அந்தப் பயத்தை உண்டாக்கியதே அச்சு யந்திரம்தான்.

ஆகவே உங்கள் ஆசை லிங்க்ட்இன்னிலிருந்து வந்தது என்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அது உங்களுக்கு என்ன வேலை கொடுத்தது என்றுதான் பார்ப்பேன். கம்பெனி பற்றி எழுதியிருக்கிறீர்கள், ஆனால் என்ன கம்பெனி, யாருக்கு என்ன செய்யப்போகிறது என்று ஒரு வரி இல்லை. சித்தியின் நோட்டில் அம்புக்குறி வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். ரீல்ஸும் பதிவுகளும் மேடையையும் மாலையையும் காட்டும். ஏட்டைக் கையில் கொடுக்காது. சித்தி கொடுத்துவிட்டார். (அவர் ஒரு நல்ல முன்சீப் என்று தோன்றுகிறது.)

கிருஷ்ணமூர்த்தி பற்றி. 1909இல் அடையாற்றில் பிரம்மஞான சபையினரால் சிறுவனாகக் கண்டெடுக்கப்பட்டு, உலக குருவாக்குவதற்கென்றே வளர்க்கப்பட்டவர். அவருக்கு ஊட்டப்பட்ட அளவுக்கு லட்சியம் நம்மில் யாருக்கும் ஊட்டப்படவில்லை. 1929இல் ஹாலந்தில், தனக்காகவே உருவான அமைப்பைத் தானே கலைத்தார். லட்சியம் பற்றி அவர் சொல்வதை இந்தக் கதையோடு சேர்த்துப் படியுங்கள். கலைப்பதற்கு அவரிடம் ஒரு உலக அமைப்பு இருந்தது. உங்களிடமும் என்னிடமும் இருப்பது பிராவிடண்ட் ஃபண்ட்.

சரி, வேலையை விடுவதா? வேண்டாம். உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டேதான் சிந்தாமணியை முடித்தார். விடுமுறைக்குச் சென்னை போய் அச்சு வேலையைப் பார்த்தார். 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை, எல்லாமே அந்தச் சம்பளத்தில் இருந்துகொண்டு செய்தவைதான். கடன் தவணையைக் கட்டுங்கள். ஒரு மணிக்கு மேல் மட்டும் விழித்திருக்காதீர்கள்.