பட்டன் இருக்கிற டயரை எதற்கு மாற்றணும்?

(நாமக்கல்லில் முப்பத்தொரு வருஷம் டூவீலர் டயர் கடை நடத்தியவர், வாசகர்களின் வண்டிச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்)

என் ஸ்பிளெண்டருக்கு 2016-இல் இரண்டு டயரும் மாற்றினேன். தோட்டத்துக்கும் பால் சொசைட்டிக்கும் தவிர வண்டி எங்கும் போவதில்லை. 11,000 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. டயர் மேல் இருக்கிற வெட்டு, அதாவது பட்டன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் பஞ்சர் ஒட்டியவர், "டயர் செத்துப்போச்சுங்க, மாத்திருங்க" என்கிறார். வியாபாரத்துக்காகச் சொல்கிறாரா?
- சேந்தமங்கலம் வாசகர்

இல்லைங்க. அந்த ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் அச்சடித்திருக்கும். சேறு படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். 1416 என்று இருந்தால் 2016-ஆம் வருஷத்தின் பதினாலாவது வாரம், அதாவது ஏப்ரல் தொடக்கத்தில் செய்த டயர். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருஷம். வண்டி எப்போது வாங்கினோம், டயர் எப்போது போட்டோம் என்பதெல்லாம் இரண்டாவது பட்சம். ரப்பரின் வயது தயாரித்த அன்றே தொடங்கிவிடுகிறது.

ஓடினால்தான் டயர் தேயும், ஓடாவிட்டால் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறோம். தேய்வது வேறு, காய்வது வேறு. வெயிலும் காற்றும் பட்டுப்பட்டு ரப்பரில் இருக்கிற மென்மை போய்விடும். நிற்கிற வண்டிக்கு இது இன்னும் மோசம், ஏனென்றால் ஓடி வளைந்து கொடுக்கிற டயரில்தான் உள்ளே சேர்த்திருக்கிற காப்பு மெழுகு மேலே கசிந்து வந்து கொஞ்சம் காப்பாற்றும். உங்கள் வண்டி தோட்டத்து வரப்பில் பாதி நாள் வெயிலில்தானே நிற்கிறது?

இது எனக்குப் பாடமானது ஒரு காதுகுத்துக்குப் போய்த்தான். 2009. கடை வாசலில் மேற்கு வெயிலில் ஒரு முன் டயர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாறு வருஷமாக விலை போகவில்லை. யாருக்கும் விற்க மனசு வராமல், வீணாக்கவும் மனசு வராமல், என் சி.டி.100-க்கே மாட்டிக்கொண்டேன். புது டயர்தான், பக்கத்தில் ரப்பர் முடி கூட உதிரவில்லை. கொல்லிமலையில் விசேஷம் முடிந்து செம்மேட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்குகிறோம். தூறல். எழுபது கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டியிருக்கும். வேகம் இருபதுகூட இல்லை. முன் பிரேக்கைத் தொட்டேன், அவ்வளவுதான், சோப்புத் தண்ணீரில் கால் வைத்த மாதிரி முன் சக்கரம் பக்கவாட்டில் போய்விட்டது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, வீட்டுக்காரிக்கு முட்டியில். மடியில் வைத்திருந்த பையிலிருந்து ஆறு அன்னாசிப்பழம் அடுத்த வளைவு வரைக்கும் உருண்டு போயின. பின்னால் வந்த பஸ் கண்டக்டர் இறங்கி, பொறுக்கிக் கொடுத்துவிட்டு, "டயர் புதுசாட்டம் இருக்குதேண்ணா" என்றார். வீட்டில் அப்புறம் நாலு நாள் பேச்சு இல்லை.

மறுநாள் அந்த டயரில் கட்டை விரல் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தேன். சிலேட்டில் அழுத்துகிற மாதிரி இருந்தது. நல்ல ரப்பர் என்றால் நகம் லேசாகப் பதிந்து உடனே மறையும். நீங்களும் இப்போதே போய் அழுத்திப் பாருங்கள். அப்படியே பட்டன்களுக்கு நடுவே இருக்கிற பள்ளத்தையும், ரிம்மை ஒட்டிய ஓரத்தையும் பாருங்கள். வறண்ட ஏரி மாதிரி மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தால் பேச்சே இல்லை. என் கணக்கு இதுதான்: ஐந்து வயசு ஆனால் வருஷா வருஷம் நகம் வைத்துப் பார்ப்பது, ஏழெட்டு ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றுவது. உங்களுடையது இரண்டையும் தாண்டிவிட்டது.

ஹோண்டா ஷைன் வைத்திருக்கிறேன். தினமும் கரூர் போய்வருகிறேன். டயர் மாற்ற வேண்டும். எம்.ஆர்.எஃப். நல்லதா, சியட்டா, டி.வி.எஸ்.ஸா? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கடைக்காரர் நாலாவதாக ஒன்றை எடுத்துக் காட்டுகிறார்.
- பரமத்தி வேலூர் வாசகர்

தம்பி, கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது இந்தக் கேள்வி வரும். டீக்கடையில் கட்சிச் சண்டை மாதிரி டயர் சண்டை நடக்கும்.

முதலில் ஒரு சங்கதி. எம்.ஆர்.எஃப். என்பது மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்கிற சின்னப் பட்டறையாகத் தொடங்கியது. யூரோகிரிப் என்று இப்போது பெயர் போட்டு வருகிற டி.வி.எஸ். டயர் மதுரைக்காரர்களுடையது. சியட் 1924-இல் இத்தாலியின் டூரினில் பிறந்து, இங்கே வந்து இந்தியக் கம்பெனியாகவே ஆகிவிட்டது. அப்போலோ, ஜே.கே., மிஷலின் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. இதில் எதையும் போட்டு ஓட்டலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பெயரே கேள்விப்படாத டயருக்கு ஆசைப்படாதீர்கள்.

கம்பெனி பெயரைக் கேட்பதைவிட மாடலைக் கேளுங்கள். எம்.ஆர்.எஃப். ஒன்றிலேயே நைலோகிரிப் பிளஸ் வேறு, ஸாப்பர் வேறு. கெட்டியான ரப்பர் நிறைய கிலோமீட்டர் உழைக்கும், மழையில் பிடிமானம் கொஞ்சம் குறையும். மெத்தென்ற ரப்பர் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். இரண்டும் முழுசாகச் சேர்ந்து கிடைக்கிற டயரை நான் பார்த்ததில்லை. "நாப்பதாயிரம் ஓடுச்சு" என்று உங்கள் நண்பர் பெருமையாகச் சொன்னால், அது ஈர ரோட்டில் எப்படி நின்றது என்று திருப்பிக் கேளுங்கள்.

நீங்கள் போவது நாலுவழிச் சாலை. நேரே போய் நேரே வருகிறீர்கள். இதில் பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தட்டையாகத் தேயும், ஓரம் புதுசாகவே இருக்கும். அப்படித் தட்டையான டயரில் வளைவில் சாய்க்கும்போது வண்டி ஒரு படியிலிருந்து இறங்குகிற மாதிரி தடுமாறும். அதனால் உங்களுக்குப் பின்னால் நன்றாக உழைக்கிற கெட்டி மாடல் போதும். முன்னால் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க அங்கேதான் இறங்குகிறது. முன்னும் பின்னும் வேறு வேறு கம்பெனி போட்டால் குடி மூழ்காது. ஆனால் முன்னுக்கென்று செய்ததை முன்னுக்கும் பின்னுக்கென்று செய்ததைப் பின்னுக்கும் போடுங்கள். பழைய ஷைன் 125-இல் இரண்டு பக்கமும் 80/100-18 என்பதால் கடைப் பையன்கள் இதில்தான் கோட்டை விடுவார்கள்.

80/100-18 என்பதில் 80 மில்லிமீட்டர் அகலம், உயரம் அந்த அகலத்தில் நூறு சதவீதம், 18 அங்குல ரிம். அதன் பக்கத்திலேயே ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். 47 என்றால் ஒரு டயர் 175 கிலோ தாங்கும், 54 என்றால் 212 கிலோ. பின்னால் ஆள் ஏற்றுகிறவர்கள், சிலிண்டர் கட்டுகிறவர்கள் இந்த எண் பழைய டயரில் இருந்ததைவிடக் குறையாமல் பார்க்கணும். பி (P) என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதற்கு. அதற்கு மேல் ஷைனில் நீங்கள் போகப்போவதில்லை.

இத்தனையும் சரியாக இருந்தால் என்ன கம்பெனி வாங்குவது? உங்கள் ஊர்க் கடையில் எது வேகமாக விற்கிறதோ, அது. இதைக் கேட்டு நிறையப் பேர் சிரிப்பார்கள். வேகமாக விற்கிற டயர்தான் புதுசாக வந்துகொண்டே இருக்கும். பெரிய பெயர் போட்ட டயர் அலமாரி மேல்தட்டில் மூன்று வருஷம் தூங்கினதைவிட, போன மாதம் லாரியில் இறங்கின சாதா டயர் எனக்கு மேல். பரமத்தியில் எது ஓடுகிறது என்பது கரூரில் ஓடுவதாகவே இருக்கவேண்டும் என்பதும் இல்லை. ஓரிரு கடைகளில் நாலு இலக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

வாங்கிய பிறகு: டியூபையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய டியூப் நீண்டு, மடிப்பு விழுந்து இருக்கும். புது டயருக்குள் அது மடங்கி உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் பஞ்சர் கடைக்குத் தலைகாட்டவேண்டியதுதான். அலாய் வீலில் டியூப்லெஸ் என்றால் வால்வை மாற்றச் சொல்லுங்கள். பக்கவாட்டில் இருக்கிற அம்புக்குறி வண்டி முன்னோக்கி ஓடும் திசையைக் காட்டணும். என் கடையிலேயே புதுப் பையன் ஒருவன் திருப்பிப் போட்டு, அந்தக் கஸ்டமர் தர்மபுரி வரை போய்விட்டு வந்து கேட்டிருக்கிறார். மஞ்சள் புள்ளி இருந்தால் அதை வால்வுக்கு நேராக வைக்கணும். புது டயர் மேலே வழுக்கல் படிந்திருக்கும், முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் கொஞ்சம் நிதானமாக ஓட்டுங்கள், குறிப்பாக வளைவில்.

காற்று வாரம் ஒரு முறை, காலையில், டயர் சூடேறும் முன். எவ்வளவு என்பது உங்கள் வண்டியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் இருக்கும். தனியாகப் போகும்போது ஒன்று, பின்னால் ஆள் இருந்தால் ஒன்று. நைட்ரஜன் போடலாமா என்று கேட்காதீர்கள். சும்மா காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

ஸ்கூட்டருக்குப் பின் டயர் தேய்ந்துவிட்டது. முன் டயர் நன்றாக இருக்கிறது. மெக்கானிக், "முன்னால் இருக்கிறதைப் பின்னால் போட்டுவிட்டுப் புதுசை முன்னால் போடலாம்" என்கிறார். மேலும் கடையில் கொடுத்த டயர் ஏழு மாதம் பழையது. வாங்கலாமா?
- திருச்செங்கோடு வாசகி

ஏழு மாதம் ஒன்றும் தப்பில்லைம்மா. நிழலில், படுக்கவைக்காமல் அடுக்கி வைத்திருந்தால் ஒரு வயது வரை நான் வாய் திறக்கமாட்டேன். இரண்டு வயதானால் விலையைக் குறைக்கச் சொல்வேன். அதற்கு மேல் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். கொல்லிமலை அன்னாசிப்பழம் ஞாபகம் வரும்.

மாற்றிப் போடுவதைப் பற்றி: பழைய மாடல் ஸ்கூட்டர்களில் இரண்டு பக்கமும் ஒரே அளவு, 90/100-10. முன்னுக்கென்று தனியாகச் செய்த டயராக இல்லாதவரை அதில் மாற்றிப் போடலாம், மெக்கானிக் சொல்வதும் நியாயம்தான், நல்ல டயர் முன்னால் இருக்கட்டும். புது மாடல்களில் முன் சக்கரம் 12 அங்குலம் என்று வருகிறது, அதில் இந்த வேலை நடக்காது. எதற்கும் முன் டயரின் வயதைப் படித்துவிடுங்கள். முன்னால் இருக்கிறது பின்னால் தேய்ந்ததைவிட இரண்டு வருஷம் மூத்தது என்றால், இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது செலவு மிச்சம்.

பல்சர் 150-க்குப் பின்னால் 140 டயர் போட ஆசை. நண்பன் போட்டிருக்கிறான், பார்க்க மாஸாக இருக்கிறது.
- ராசிபுரம் வாசகர்

உங்கள் வண்டிக்கு வருவது 100/90-17. அந்த ரிம்மில் 140-ஐத் திணித்தால் டயர் இரண்டு பக்கமும் நசுங்கி முட்டை மாதிரி உருண்டு நிற்கும். ரோட்டில் படுகிற இடம் கூடும் என்று நினைக்கிறீர்கள், குறையத்தான் செய்யும். செயினில் உரசுகிறதா என்று குனிந்து பாருங்கள், வண்டி வளைக்க மறுக்கும், மைலேஜ் விழும். உங்கள் நண்பனிடம் பெட்ரோல் கணக்குக் கேளுங்கள். மாஸ் வேண்டுமென்றால் சக்கரத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

பின் டயர் எப்போது சட்டப்படி மொட்டை?
- மோகனூர் வாசகர்

இரண்டு சக்கர வண்டிக்குப் பட்டன் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஓட்டக்கூடாது என்பது விதி. பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும், பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் முடிந்தது. ஆனால் ஐப்பசி மழைக்கு முன்னால் 2 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். பள்ளம் இல்லாத டயரில் தண்ணீர் ஒதுங்க இடம் கிடைக்காது. கம்பியைச் சூடாக்கிப் பட்டனை மறுபடி வெட்டித் தருகிறேன் என்பவர்களிடம் போய்விடாதீர்கள். அடியில் இருக்கிற நூலுக்கு மேல் மிச்சமிருக்கிற நாலு முடி ரப்பரையும் அவர்கள்தான் எடுத்துவிடுவார்கள்.

நம்ம ஊரில் தேய்ந்த லாரி டயருக்கெல்லாம் மேலே புது ரப்பர் ஒட்டி ரீட்ரேடிங் செய்கிறார்கள். பைக் டயருக்கு ஏன் செய்யக்கூடாது?
- நாமக்கல் வாசகர்

நாமக்கல்லில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியாது. என் அப்பாவே ரீட்ரேடிங் பட்டறையில் வேலை செய்தவர், அந்த வேகிற ரப்பர் வாசத்தில்தான் நான் வளர்ந்தேன். லாரி டயர் நிமிர்ந்தே ஓடுகிறது, மேல் பட்டை தட்டையாக இருக்கும், அதன் கூடு முரட்டுக் கூடு. பின் அச்சில் ஜோடி ஜோடியாக ஓடுவதால் ஒன்று பிய்ந்தாலும் பக்கத்து டயர் தாங்கும். அங்கேயும் முன் சக்கரத்துக்கு ரீட்ரேட் போட விவரமான ஓனர்கள் யோசிப்பார்கள். பைக் சாய்கிற வண்டி, டயர் உருண்டை, ஓரத்தில் ஒட்டின இடத்தில்தான் முழு பாரமும் விழும். பிய்ந்தால் பக்கத்தில் தாங்க ஒன்றுமில்லை.

அப்பா பஜாஜ் எம்.80 வண்டி வைத்திருந்தார். பட்டறையில் எவ்வளவோ ரப்பர் கிடந்தும் அந்த வண்டிக்கு ஒரு தடவைகூட ரீட்ரேட் போட்டதில்லை. டயர் தேய்ந்தால் திருச்சி ரோட்டுக்குப் போய்ப் புதுசு வாங்கிக்கொண்டு வருவார்.