நடுத்தூண் இல்லாத வளைவுப் படிக்கட்டு: கேள்வி பதில்

வீடு கட்டுகிற சிலர் கேட்ட கேள்விகள் இவை. கட்டமைப்புப் பொறியாளராக இந்த வகைப் படிகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

சார், தூணே இல்லாமல் படி எப்படி நிற்கிறது?

ஒரு துண்டுக் கட்டுக்கம்பியை அரைவட்டமாக வளைத்து, இரண்டு முனைகளையும் விரல்களால் இறுக்கிப் பிடியுங்கள். வளைவைத் தரைக்கு இணையாகப் படுக்கையாக வைத்துக்கொண்டு, அதன் நடுவை வேறொருவர் மேலிருந்து கீழே அழுத்தட்டும். கம்பி தொய்வது மட்டுமல்ல, உங்கள் விரல்களுக்குள் திரும்பப் பார்க்கும். பிடி தளர்ந்தால் கவிழ்ந்துவிடும். படியிலும் இதுதான் நடக்கிறது. எடை விழும் இடம் இரண்டு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டை விட்டு வெளியே இருப்பதால் படி முழுக்க முறுக்கு விசை ஓடுகிறது. அதைத் தாங்குபவை மேல் பீமும் கீழ் அஸ்திவாரமும்தான். தரைத் தளத்தின் மேல் சும்மா உட்கார வைத்த படியை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

அமெரிக்காவில் ஒரு தேவாலயத்தில் அதிசயப் படிக்கட்டு இருக்கிறதாமே?

நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே நகரில் உள்ள லொரெட்டோ சிற்றாலயத்தைச் சொல்கிறீர்கள். சுமார் 20 அடி உயரம், 33 படிகள், இரண்டு முழுச் சுற்று, அத்தனையும் மரம். 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டியது. கன்னியாஸ்திரிகள் பிரார்த்தனை செய்ய, பெயர் தெரியாத தச்சர் வந்து செய்துவிட்டு மறைந்தார் என்பது அங்குள்ள கதை.

படிகளின் உள்முனையைத் தாங்குகிற அதன் உள்பக்கத்துச் சட்டத்தைப் பாருங்கள். மிகச் சிறிய ஆரத்தில் இறுக்கமாகச் சுற்றிக்கொண்டே ஏறுகிறது. அதனால் அதுவே கிட்டத்தட்ட ஒரு தூண்போல வேலை செய்கிறது. பின்னாளில் வெளிப்பக்கத்திலிருந்து பக்கத்துத் தூணுக்கு ஓர் இரும்புப் பிடிப்பும் கொடுத்தார்கள். எனக்கு இதில் மலைப்பாக இருப்பது தச்சரின் கை. மரத்தை அந்த வளைவில் பிசகாமல் இணைப்பது எவ்வளவு கடினம் என்று செய்துபார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கைப்பிடி சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. அதுவரை அதில் ஏறி இறங்கியவர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

எங்கள் வீட்டில் தளத்துக்குத் தளம் 10 அடி. எவ்வளவு இடம் விடணும்?

18 ஏற்றம் (ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள உயரம்) வைத்தால் ஒவ்வொன்றும் 6¾ அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். நடுவில் 17 மிதிகள், அதாவது கால் வைக்கும் பலகைகள். நடக்கிற கோட்டில், அதாவது படி அகலத்தின் நடுவில், மிதி 10 அங்குலம் என்றால் மொத்தம் 170 அங்குலம். முக்கால் சுற்றுக்கு நடக்கிற கோட்டின் ஆரம் 3 அடி. படி அகலமும் 3 அடி என்றால் வெளி விட்டம் 9 அடி ஆகும். உள்விளிம்பில் மிதி 5 அங்குலம்தான் கிடைக்கும். வயதானவர்கள் இருந்தால் அரைச் சுற்றுக்குப் போங்கள். 12 அடி விட்டம் வேண்டும், ஆனால் உள்விளிம்பில் 6½ அங்குலத்துக்கு மேல் கிடைக்கும். இடம் இல்லை என்று முழுச் சுற்றாக இறுக்கினால் உள்பக்கம் கால் வைக்கவே முடியாது.

கான்ட்ராக்டர் சாதாரண படி மாதிரியே அடியில் மட்டும் கம்பி போட்டால் போதும் என்கிறார்.

போதாது. வேலையை நிறுத்திவிட்டு வரைபடத்தைக் கேளுங்கள். முறுக்கு விசைக்கு நீளக் கம்பிகளைச் சுற்றி நாலு பக்கமும் மூடிய ரிங் (வளையக் கம்பி) வேண்டும், மேலும் கீழும் கம்பி வேண்டும். மேல் முனையில் அந்தக் கம்பிகள் பீமுக்குள் போதிய நீளம் நுழைய வேண்டும். பீம் வார்த்த பிறகு துளை போட்டுச் சொருகுவது இதற்குச் சரிவராது. அப்புறம், முட்டு, அதாவது கான்கிரீட் இறுகும்வரை அடியில் கொடுக்கும் தாங்குகால்கள். 21 நாள் ஆகாமல் முட்டுகளைப் பிரிக்க நான் விடுவதில்லை. கான்கிரீட் முழுப் பலம் பெறும்வரை இந்தப் படி முட்டுகளை நம்பித்தான் நிற்கிறது.

சுவரில் ஒரு முனை மட்டும் செருகிய கல்படிகளும் இதே வகைதானா?

பார்வைக்கு ஒன்று, வேலை வேறு. லண்டன் கிரீனிச்சில் குயின்ஸ் ஹவுஸில் இருக்கும் டியூலிப் படிக்கட்டு 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதிலும் நடுத்தூண் இல்லை. ஒவ்வொரு கல்லும் கீழ்க்கல்லின் மேல் அமர்ந்திருக்கிறது. சுவரின் பிடி, கல் உருண்டு திரும்பாமல் தடுக்கிறது. அதனால் எடை கல்லுக்குக் கல் இறங்கித் தரையைச் சேர்கிறது. சுவர் நன்றாகக் கனமாக இருக்க வேண்டும். நாலரை அங்குலச் செங்கல் சுவரில் இதை முயலாதீர்கள்.