நாலு கட்டமும் ஒன்பது இன்னிங்ஸும்

கேள்வி: கல்யாணமாகி, சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் இருக்கிற சான் மட்டேயோ வந்த பிறகுதான் எனக்கு பேஸ்பால் அறிமுகம். இப்போது சான் பிரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸ் ஆடும் மேட்ச் எதையும் விடுவதில்லை. காலையில் பேப்பர் வந்தால் முதலில் ஸ்கோர், அடுத்தது காமிக்ஸ் பக்கம், அப்புறம்தான் மற்ற செய்திகள். பிடித்த காமிக்ஸ் துணுக்குகளை, அதிலும் பேஸ்பால் வந்திருந்தால் கட்டாயம், வெட்டி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். “அம்மா, இதெல்லாம் சின்னப் பசங்க சமாசாரம்” என்று பதினைந்து வயது மகன் கிண்டல் செய்கிறான். எல்லாம்தான் போனில் வருகிறதே, பேப்பரை நிறுத்திவிடலாம் என்கிறார் கணவர். இந்த வயதில் எனக்கு இது தேவையா?
– பெயர் வேண்டாம், சான் மட்டேயோ

பதில்: தேவைதான் தோழி. நிறுத்தாதீர்கள். கிண்டலுக்குப் பயந்து இதை விட்டால் அந்த நேரத்தையும் போன்தான் எடுத்துக்கொள்ளும்.

உங்களுக்குப் பிடித்த இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று சொன்னால் மகன் நம்பமாட்டான், ஆனால் உண்மை அதுதான். பேஸ்பால் சீசனில் ஒரு அணிக்கு 162 ஆட்டங்கள், மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை அநேகமாகத் தினமும். நூறு ஆட்டம் ஜெயித்து எல்லோரும் கொண்டாடுகிற அணியும் அந்த சீசனில் 62 தடவை தோற்றிருக்கும். தோற்ற ராத்திரி தூங்கி எழுந்தால் மறுநாள் இன்னொரு ஆட்டம் இருக்கும், அதே ஆட்கள், அதே மைதானம், கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. காமிக்ஸ் துணுக்கும் அப்படித்தானே? நாலு கட்டம், அரை நிமிஷம், நாளைக்கும் அதே பையன் அதே நாயோடு வருவான். நம்மிடம் பெரிதாக எதையும் கேட்காமல் தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இரண்டும். தினத்தந்தியில் கன்னித்தீவைத் தேடிப் பிடித்துப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று, உங்கள் ஊர் சம்பந்தப்பட்டது. அமெரிக்கப் பத்திரிகைகளில் தினசரி காமிக்ஸ் நிலைபெற்றதற்கு வழிகாட்டிய தொடர்களில் முக்கியமானது 1907-இல் சான் பிரான்சிஸ்கோ க்ரானிக்கிள் நாளிதழில் பட் ஃபிஷர் வரைந்தது. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுகிற ஒரு மனிதனின் கதை, பின்னால் ‘மட் அண்ட் ஜெஃப்’ என்று நாடெங்கும் பிரபலமானது. அது முதலில் வந்த பக்கம் எது தெரியுமா? விளையாட்டுப் பக்கம். அதனால் ஸ்கோரையும் காமிக்ஸையும் ஒரே மூச்சில் படிக்கிற உங்கள் பழக்கத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயது. அது மட்டுமா, நியூயார்க் மெட்ஸ் அணியின் சின்னத்தை வரைந்த ரே காட்டோவும் ‘ஓசார்க் ஐக்’ என்று ஒரு பேஸ்பால்காரனின் கதையைப் பத்திரிகைகளில் வரைந்தவர்தான்.

சரி, சின்னப் பசங்க சமாசாரத்துக்கு வருவோம். டப்பாவில் எந்தெந்தத் தொடர் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஜெயன்ட்ஸ் ரசிகை, பேஸ்பால் துணுக்கு என்று சொல்லிவிட்டீர்கள், ‘பீநட்ஸ்’ இல்லாமல் இருக்காது. சார்ல்ஸ் ஷுல்ஸ் 1950 அக்டோபரிலிருந்து 2000 பிப்ரவரி வரை ஐம்பது வருஷம் ஒரே ஆளாக வரைந்தது. அதில் வருகிற பசங்க பேஸ்பால் அணியில் சார்லி பிரவுன்தான் பந்து வீசுகிற பிட்சர், அவனேதான் மேனேஜர். ஷ்ரோடர் கேட்சர், இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கிற ஷார்ட்ஸ்டாப் ஸ்னூப்பி என்கிற நாய், வலது கோடியில் லூசி. அவன் போட்ட பந்தை எதிரணி அடித்தால் அது திரும்பி வருகிற வேகத்தில் அவன் தொப்பி, ஷூ, சாக்ஸ் எல்லாம் பிய்ந்து பறக்கும். கைக்கு வந்த கேட்சை விட்டுவிட்டு லூசி சொல்கிற சாக்குகளுக்காகவே நான் படிப்பேன், ஒரு தடவை சனிக் கிரகத்தின் நிலாக்கள் கண்ணில் பட்டுக் கூசிவிட்டது என்றாள்! இவ்வளவு தோற்கிற அணி, ஆனாலும் வசந்தம் வந்தால் பனியும் மழையும் விடுவதற்குள் சார்லி பிரவுன் பந்து வீசுகிற மேட்டில் ஏறி நின்றுவிடுவான். மழையில் மற்ற எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் நிற்பான். அந்தப் பிடிவாதத்தில் இருக்கிற அன்பு ஒரு குழந்தைக்குப் புரிவதைவிட, ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்த வருஷமாவது என்று உட்காருகிற உங்களுக்கு நன்றாகவே புரியும்.

ஷுல்ஸ் உங்கள் கட்சி. மினசோட்டாவில் வளர்ந்தவர், கலிஃபோர்னியாவுக்குக் குடிவந்து ஜெயன்ட்ஸ் ரசிகரானார். சீசன் முடிவில் சாம்பியன் யார் என்று தீர்மானிப்பது உலகத் தொடர். 1962 உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், அக்டோபர் 16, ஜெயன்ட்ஸின் அப்போதைய மைதானம் கேண்டில்ஸ்டிக் பார்க். நியூயார்க் யாங்கீஸ் 1, ஜெயன்ட்ஸ் 0. ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசி, இரண்டு பேர் அவுட், ரன்னுக்கு ஓடக் காத்திருக்கிற ஜெயன்ட்ஸ் ஆட்கள் இரண்டு பேர், மூன்றாவது பேஸில் மாட்டி அலூ, இரண்டாவதில் வில்லி மேஸ். ஒரு நல்ல அடி விழுந்தால் இரண்டு பேரும் ஓடி வந்து கோப்பை. வில்லி மக்கோவி அடித்தார், அப்படி ஒரு அடி, நேராக யாங்கீஸின் இரண்டாவது பேஸ்காரர் பாபி ரிச்சர்ட்சனின் கையுறைக்குள் போய் விழுந்தது. முடிந்தது கதை.

இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 22 பேப்பரில் ஒரு துணுக்கு வருகிறது. சார்லி பிரவுனும் அவன் நண்பன் லைனஸும் உட்கார்ந்திருக்கிறார்கள், மூன்று கட்டத்துக்கு ஒரு வார்த்தை கிடையாது. நாலாவது கட்டத்தில் சார்லி பிரவுன் கத்துகிறான்: மக்கோவி அந்தப் பந்தை இன்னும் மூன்று அடி உயரத்தில் அடித்திருக்கக்கூடாதா? அதோடு ஆறவில்லை. 1963 ஜனவரி 28, மறுபடி அதே மாதிரி மௌனமாக மூன்று கட்டம், நாலாவதில், இரண்டு அடி உயரமாவது அடித்திருக்கக்கூடாதா? யார் மக்கோவி, என்ன பந்து, எந்த ஆட்டம், ஒரு விளக்கமும் இல்லை. சோகம் தெரிந்தவர்களுக்காக மட்டும் போட்டது. இந்தத் துணுக்குகளைப் பல வாரம் முன்னாடியே வரைந்து அனுப்பியாக வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள், அந்த மனுஷன் எத்தனை நாள் அதையே நினைத்துக்கொண்டு இருந்திருப்பார்! சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த பிறகு ஜெயன்ட்ஸ் முதல் தடவையாக உலகத் தொடரை வென்றது 2010-இல். ஷுல்ஸ் 2000 பிப்ரவரியில், அவருடைய கடைசி ஞாயிறு துணுக்கு அச்சாகி வந்ததற்கு முந்தின நாள் காலமானார். அந்த 2010 வெற்றியைப் பார்க்க அவர் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் தோன்றும்.

மகனிடம் இதைக் காட்டாதீர்கள், இது உங்களுக்கு. அவனுக்குக் காட்ட வேண்டியது 1973 ஆகஸ்ட். அந்தக் கால வெள்ளைக்கார நட்சத்திரம் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) சாதனையை ஹாங்க் ஆரன் நெருங்கிக்கொண்டிருந்த வருஷம், ஒரு கறுப்பர் அதை முறியடிப்பதா என்று அவருக்கு வண்டி வண்டியாக வெறுப்புக் கடிதங்கள் வந்த வருஷம். அந்த நேரத்தில் ஷுல்ஸ் என்ன செய்தார், ரூத்தின் சாதனைக்கு ஒரே ஒரு ஹோம் ரன் பாக்கி என்ற நிலையில் ஸ்னூப்பியை நிறுத்தினார். நாய்க்கும் வெறுப்புக் கடிதங்கள் வந்து குவிகின்றன. கடைசியில் ஸ்னூப்பி பேட்டோடு நிற்கும்போது சார்லி பிரவுன் பேஸை விட்டுத் தள்ளி நின்று அவுட்டாகி எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறான் என்பது வேறு விஷயம். ஆரன் 1974 ஏப்ரல் 8-இல் 715-ஐ அடித்தார். பதினைந்து வயதுப் பையன், இனவெறி என்றால் என்ன என்று பள்ளியில் படித்திருப்பான். ஒரு நாய்க்கு வந்த கடிதங்கள் வழியாக அதே விஷயம் எப்படி நாடு முழுக்க காலைச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது என்று அவனே படித்துப் பார்க்கட்டும். பாடம் எடுக்காதீர்கள், துணுக்குகளைத் தேதி வாரியாக மேஜையில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

முடிந்தால் ஒரு சனிக்கிழமை எல்லோருமாக சான்டா ரோசாவுக்குப் போய் வாருங்கள். கோல்டன் கேட் பாலம் தாண்டி வடக்கே. 2002-இல் திறந்த ஷுல்ஸ் அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது, அசல் துணுக்குகளை மை கோடுகளோடு பக்கத்திலிருந்து பார்க்கலாம். அச்சில் தெரியாத கை நடுக்கம்கூட, கடைசி வருஷங்களின் படங்களில், கண்ணுக்குத் தெரியும். பக்கத்திலேயே அவர் கட்டிய ஐஸ் அரங்கம். காமிக்ஸ் வேண்டாம் என்றால் மகன் ஸ்கேட்டிங் போகட்டும்.

டப்பா விஷயம் அவசரம். நாளிதழ்த் தாள் மலிவான மரக்கூழ், அதில் உள்ள அமிலம் தாளைத் தானே அரித்து மஞ்சளாக்கி நொறுக்கிவிடும். மடித்துத் திணிக்காதீர்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் வேண்டாம். அமிலமில்லாத தாள் உறைகள் கலைப்பொருள் கடைகளில் கிடைக்கும், அதில் தட்டையாக வைத்து, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். ரொம்பப் பிடித்ததை ஸ்கேன் செய்துவிடுங்கள். தேதியைத் துணுக்கில் எழுதாமல் உறையின் மேல் பென்சிலில் எழுதினால் போதும்.

கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, சந்தா விலை ஏறிக்கொண்டேதான் போகிறது. “எனக்குப் பிடிக்கும்” என்று மட்டும் சொல்லிச் சண்டை போடாமல், எதற்காகப் பிடிக்கும் என்று அவரிடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், இதுவரை சொல்லியிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பணம்தான் பிரச்சினை என்றால் ஞாயிறு மட்டும் வாங்குகிற சந்தா இருக்கிறதா என்று பத்திரிகை அலுவலகத்தில் கேளுங்கள், வண்ணக் காமிக்ஸ் பக்கம் அன்று வரும். மற்ற நாள் பேப்பர்களை உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம், பழைய இதழ்களை வெட்டி எடுத்துக்கொள்ளத் தருவார்களா என்று நூலகரிடமே கேட்டுவிடுங்கள்.