மைக் பிடிக்காத வரங்கள்: கேள்வி பதில்

(ராயபுரத்தில் ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபையார் எழுதிக்கொடுத்த கேள்விகளுக்கு, வேதபாடம் நடத்தும் மூத்த உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்கள்.)

வியாசர்பாடி இளைஞர்: வாலிபர் முகாமில், ஊழியத்துக்கென்று ஆவியானவர் கொடுக்கும் வரங்களைக் கண்டறிய ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். எனக்குப் 'போதித்தல்' என்று வந்தது. மைக்கைப் பிடித்தாலே கை நடுங்குகிறது. என்ன செய்வது?

தம்பி, கேள்வித்தாள் உங்கள் விருப்பத்தைச் சொல்லும். வரம் இருக்கிறதா என்று உங்களிடம் கற்றவர்கள்தாம் சொல்ல வேண்டும். அப்போஸ்தலன் பவுலின் நிருபங்களைப் பாருங்கள்: ரோமர் 12-இல் ஏழு வரங்கள், 1 கொரிந்தியர் 12:8-10-இல் ஒன்பது. இரண்டிலும் வருவது தீர்க்கதரிசனம் மட்டுமே. பவுலே முடித்துவைக்காத பட்டியலை முகாம் தாள் முடித்துவிடுமா? மைக்கை விடுங்கள். கணக்கில் தடுமாறும் இரண்டு பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக்கொடுங்கள். சில மாதங்கள் கழித்தும் அவர்கள் தாமாக வந்தால், கூடவே நண்பனையும் அழைத்து வந்தால், பதில் கிடைத்துவிட்டது. வராவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. வேறு வேலையில் கை வையுங்கள்.

ஓய்வுபெற்ற எழுத்தர், தண்டையார்பேட்டை: எனக்குப் பாட்டு வராது, பிரசங்கம் வராது. மனு எழுத மட்டும் வரும்.

ஐயா, உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். எருசலேம் சபையில் அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டதால் முறுமுறுப்பு எழுந்தது. அதைச் சரிசெய்ய ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி அப்போஸ்தலர்கள் சொன்னார்கள் (அப்போஸ்தலர் 6). பந்தி விசாரிக்கும் வேலைதான். ஆனால் கேட்ட தகுதி, பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாக இருப்பது!

முதியோர் ஓய்வூதியம் 2023-இல் மாதம் 1,200 ரூபாயானது. ஒரு சான்று குறைந்ததால் அதையும் இழந்து நிற்கும் பாட்டிகள் நம் தெருக்களில் உண்டு. அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும்; ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நோயாளியைச் சேர்த்த பிறகு அவற்றுக்காக ஓடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆலய வாசலில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். வருகிறவர் எந்தச் சபை, எந்த மதம் என்று கேட்க வேண்டாம். அவர்களுடைய வருமானமும் ஆதார் எண்ணும் உங்கள் வாயிலிருந்து வெளியே போகக்கூடாது, ஜெபக் குறிப்பு என்ற பெயரில்கூட.

தையல் செய்யும் சகோதரி, வண்ணாரப்பேட்டை: சபையார் எல்லாரும் இலவசமாகத் தைத்துத் தரச் சொல்கிறார்கள். மறுத்தால் பாவமா?

இல்லை அம்மா. கூலி கொடுக்க முடிந்தவர் கொடுக்கட்டும். யோப்பாவில் தொற்காள் இறந்தபோது, அவள் செய்துகொடுத்த உடைகளைக் காட்டி அழுதவர்கள் விதவைகள் (அப்போஸ்தலர் 9:39). வசதியுள்ளவரின் பட்டு ரவிக்கை அந்தக் கணக்கில் வராது. பவுலும் கூடாரம் செய்து பிழைத்தவர்தான். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், இல்லாத வீட்டுப் பிள்ளைகளின் சீருடைக்குச் சில நாள் ஒதுக்குங்கள், போதும்.

பெயரில்லாத சீட்டு: அந்நிய பாஷை (ஆவியின் ஏவுதலால், கற்காத மொழியில் பேசுவது) பேசாதவருக்கு ஆவியானவர் இல்லையா?

1 கொரிந்தியர் 12:30-ஐ வாசியுங்கள். எல்லாரும் பேசுகிறார்களா என்று பவுல் கேட்பது, இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துத்தான்.

காசிமேட்டு அக்கா ஒருவர்: என் கணவர் தினமும் ஊழியம் என்று கிளம்பிவிடுகிறார். மீன் கூடையும் பிள்ளைகளும் என் தலையில்.

சொந்த வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறது 1 தீமோத்தேயு 5:8. நான் அதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வசனத்தை நீங்கள் எடுத்து நீட்டினால் வீட்டில் சண்டைதான் வரும். போதகரிடம் சொல்லுங்கள், அவரே உங்கள் வீட்டுக்கு வந்து பேசட்டும். வாரத்தில் எத்தனை மாலை வீட்டுக்கு என்பதை மூவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.