பனிக்கு முன்னால் சொட்டுநீர்க் குழாயை என்ன செய்வது?

தம்பி, பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கனடாவின் பிராம்ப்டன் வந்த முதல் கோடையிலேயே தக்காளிக்கும் அவரைக்கும் சொட்டுநீர் டிரிப் போட்டிருக்கிறீர்கள். ஊர்ப் பழக்கம் விடுமா! அக்டோபர் பிறந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் ஆள் வைத்துக் கம்ப்ரசரால் குழாயை ஊதுகிறார், அப்பா போனில் "எல்லாத்தையும் உருவிச் சுருட்டி உள்ளே வை" என்கிறார், எதைக் கேட்பது என்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம்.

பக்கத்து வீட்டில் புல்தரைக்குக் குழாயை மண்ணுக்குள் புதைத்திருப்பார்கள். அதில் நிற்கிற தண்ணீர் தானாக வடியாது, ஊதித்தான் ஆக வேண்டும். உங்களுடையது வெளிக்குழாயில் மாட்டி மண்மேல் ஓடுகிற டியூப், முனையைத் திறந்தால் அதுவாகவே வடிந்துவிடும். அப்படியும் ஊத ஆசைப்பட்டால் காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐக்கு மேல் போகாதீர்கள், தண்ணீர் சொட்டுகிற டிரிப்பர்கள் தெறித்துவிடும்.

அப்பா சொல்வதிலும் தப்பில்லை, அவர் பார்த்த டிரிப் வேறு. நானும் வேலந்தாவளம் பக்கம்தான். மழை மறைவுப் பகுதி. ஆழியாற்றுத் தண்ணீருக்கு 1970 ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு கேரளமும் தமிழ்நாடும் இன்னும் இழுபறியில்தான் இருக்கின்றன. அங்கே தென்னைக்குச் சொட்டு விழுவது நின்றால் மோட்டார் போயிருக்கும், இல்லை கரண்ட் போயிருக்கும். பாசனத்தையே அரை வருஷம் மூடி வைப்பது நமக்குப் பழக்கமில்லாத வேலை.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும். பாலிஎத்திலீன் டியூப் வளைந்து கொடுக்கும், அதனால் அது அவ்வளவாகக் கெடாது. கடைசியில் இருக்கிற எண்ட் கேப்பைக் கழற்றி, தண்ணீர் வடிந்ததும் டியூபை மண்ணிலேயே விட்டுவிடுங்கள், மேலே கொஞ்சம் வைக்கோல் போட்டால் நல்லது. நம் ஊர் எலிக்குப் பதில் இங்கே அணிலும் முயலும் கடிக்கும். அது சின்னச் சமாச்சாரம், ஜாயின்ட் போட்டு இணைத்துக்கொள்ளலாம். கறிவேப்பிலைத் தொட்டி இன்னும் வெளியில் இருந்தால் இன்றைக்கே உள்ளே எடுங்கள், டியூப் எல்லாம் அப்புறம்.

வெடிப்பது கெட்டியான சாமான்கள்தான்: பில்டர் கிண்ணம், பிரஷர் ரெகுலேட்டர், டைமர், தண்ணீர் வீட்டுக்குள் திரும்பாமலிருக்கக் குழாய் வாயில் திருகிய பித்தளைத் தடுப்பு. கழற்ற வருகிற எல்லாவற்றையும் கழற்றி, உதறி, டைமரின் பேட்டரியை எடுத்துவிட்டு பேஸ்மென்ட்டில் வையுங்கள். சூடு இல்லாத கராஜில் வேண்டாம், டைமருக்குள் எவ்வளவு உதறினாலும் கொஞ்சம் ஈரம் நிற்கும்.

இப்போது டிரிப்பை மாட்டியிருந்த சுவர்க்குழாய். புது ஆட்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிற இடம் இதுதான். பேஸ்மென்ட்டில் அந்தக் குழாய்க்குப் போகிற பைப்பைத் தேடுங்கள். அதில் ஒரு வால்வு, வால்வின் பக்கவாட்டில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பித்தளை மூடி இருக்கும். முதலில் வால்வை மூடுங்கள். வெளியே போய்க் குழாயைத் திறந்துவிடுங்கள். திரும்ப வந்து, கீழே ஒரு வாளியை வைத்துக்கொண்டு அந்த மூடியைத் திருகினால் காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்கும், ஒரு டம்ளர் தண்ணீர் வடியும். சுவருக்குள் நின்று உறைய இருந்தது அந்த ஒரு டம்ளர்தான். மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, வெளிக்குழாயைத் திறந்தபடியே விட்டுவிடுங்கள்.

"எங்கள் வீட்டில் உறையாத வகைக் குழாய்" என்று சொல்லி ஹோஸைக் கழற்றாமல் விடுகிறவர்கள் உண்டு. அந்த வகை, மூடியதும் தானாக வடிந்தால்தான் உறையாது. வாயில் ஹோஸோ டைமரோ மாட்டியிருந்தால் தண்ணீர் எங்கே வடியும்? தாமிரப் பைப் நீளவாக்கில் மயிரிழைபோலக் கீறிவிடும். குளிர்காலம் முழுக்கத் தெரியாது. மே மாதம் குழாயைத் திறக்கும்போது சுவருக்குள் கொட்டும். நண்பர் ஒருவர் வீட்டில் பேஸ்மென்ட் கார்ப்பெட் மிதந்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு ராத்திரி பூஜ்யத்தைத் தொட்டதும் ஓட வேண்டாம், லேசான உறைபனியில் தக்காளிச் செடிதான் போகும். அக்டோபர் கடைசிக்குள் முடித்தால் போதும். பூண்டு நடுவதாக இருந்தால் நட்டு, ஒரு தண்ணீர் விட்டு, அதன் பிறகு மூடுங்கள்.

குழாய் அடைப்புக்கு அப்பா கட்டாயம் ஆசிட் விடச் சொல்வார். போர்வெல் உப்புக்கு அது சரி. பிராம்ப்டன் குழாயில் வருவது ஒன்டாரியோ ஏரித் தண்ணீர், பில்டர் வலையை வினிகரில் ஊறவைத்துக் கழுவினாலே போதும். வசந்தத்தில், மே மாதம் வருகிற விக்டோரியா டே விடுமுறை வாரக்கடைசி வாக்கில் திறந்துவிடுங்கள். முதல் தடவை திறக்கும்போது வீட்டில் ஒருவரை பேஸ்மென்ட்டில் அந்தப் பைப் பக்கம் நிற்கவையுங்கள். எண்ட் கேப் இல்லாமலே கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அழுக்கும் பூச்சியும் வெளியேறித் தண்ணீர் தெளிந்த பிறகு மாட்டுங்கள்.