38 நாளாகியும் குழந்தைக்கு மஞ்சள் போகவில்லை, இன்னும் எத்தனை நாள் காலை வெயிலில் காட்ட வேண்டும்?

வெயிலை விடுங்கள். குழந்தை கக்கா என்ன நிறத்தில் போகிறது? கண், தோல், நகம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், அதை எழுதவில்லை. தப்பாகச் சொல்லவில்லை, அன்று நானும் அதைப் பார்க்கவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. தேனி பக்கம் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். "எங்கள் பிள்ளைக்கும் ஒன்றரை மாதம் மஞ்சள் இருந்தது, தானாகப் போய்விட்டது, சும்மா பயமுறுத்தாதே" என்று கீழே யாராவது எழுத வருவார்கள். நீங்கள் சொல்வதும் சரிதான். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகள் பலருக்கு ஒரு மாதம் தாண்டியும் லேசாக மஞ்சள் நிற்கும், போய்விடும். பித்தநாளம் அடைபட்டுப் போகும் பிலியரி அட்ரீசியா பத்தாயிரம், பதினைந்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் வரும். அந்த ஒன்று என் வீட்டில் பிறந்தது.

மகள் பிறந்தபோது 3 கிலோவுக்கு மேல். நாலாம் நாள் மஞ்சள் என்று நீல விளக்கில் வைத்தார்கள், குறைந்தது, வீட்டுக்கு வந்தோம். இருபதாம் நாள் கண் மறுபடி மஞ்சள். காட்டிய இடத்தில் "தாய்ப்பால் மஞ்சள், காலையில் வெயிலில் காட்டுங்கள்" என்றார்கள். காட்டினோம். அம்மா பக்கத்து ஊருக்குத் தூக்கிப்போய் மந்திரித்து வந்தார். என் மனைவிக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். கீழாநெல்லிக்கு நான் எதிரி இல்லை, சண்டைக்கு வராதீர்கள். அடைத்த குழாயை அது திறக்காது, அவ்வளவுதான்.

45ஆம் நாள் தடுப்பூசிக்குப் போனபோது, கிராம சுகாதார செவிலியர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு "எத்தனை நாளாக இப்படி வெள்ளையாகப் போகிறது?" என்று கேட்டார். "பால் கக்கா அப்படித்தானே" என்றார் அம்மா. நான் எட்டிப் பார்த்தேன். சுவருக்கு அடிக்கிற பட்டி நிறம். தொழிலே நிறம் பார்ப்பது எனக்கு. ஐவரிக்கும் கிரீமுக்கும் வித்தியாசம் தெரியாமல் திருப்பி எடுத்து வருகிறவர்களிடம் தினமும் வாதாடுகிறவன். 45 நாளில் ஒருநாள்கூட என் பிள்ளைக்குத் துணி மாற்றியதில்லை.

அன்றைக்கே ரத்தம் எடுக்கச் சொன்னார். மஞ்சள் நிறத்தைத் தருகிற பிலிருபின் மொத்தம் 9.8, அதில் டைரக்ட் 6.4. உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண். வெறும் மொத்தத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கேளுங்கள். வெயிலும் நீல விளக்கும் கல்லீரலுக்குள் போகாத பிலிருபினைத்தான் கரைக்கும். டைரக்ட் என்பது கல்லீரல் தன் வேலையை முடித்து வெளியே அனுப்ப வைத்திருப்பது. போக வழியில்லாமல் அங்கேயே தேங்கிக் கல்லீரலை அரிக்கிறது. பித்தம் குடலுக்கு வராததால் கக்கா வெளுக்கிறது, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விடுகிறது. இதற்கு வெயில் என்ன செய்யும்? மஞ்சள் இரண்டு வாரம் தாண்டினாலே டைரக்ட் பார்க்க வேண்டும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மதுரையில் நாலு மணி நேரம் பால் கொடுக்காமல் ஸ்கேன். பித்தப்பை சுருங்கிக் கிடக்கிறது என்று சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே, பித்தம் குடலுக்கு வருகிறதா என்று பார்க்கிற ஹைடா ஸ்கேனுக்கு முன்னால் ஐந்து நாள் ஒரு மருந்து. அந்த ஐந்து நாளும் கணக்கில் சேரும். ஏனென்றால் பித்தத்துக்கு வழி செய்கிற ஆபரேஷனை 60 நாளுக்குள் செய்தால் நல்லது, 90 தாண்டினால் பலன் குறைந்துகொண்டே போகும். அப்புறம் கல்லீரலில் துளி எடுத்துப் பார்க்கிற பயாப்சி. பித்தம் இல்லாவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சேராது, ரத்தம் உறையாது என்று அதற்கு ஊசி. 66ஆம் நாள் ஆபரேஷன்.

"கசாய் செய்ய வேண்டும்" என்று டாக்டர் சொன்னதும் அம்மா, "கஷாயத்துக்கு எதற்கு இத்தனை டெஸ்ட், நானே போட்டுத் தருவேனே" என்றார். அந்த நிலைமையிலும் என் மனைவி சிரித்தாள். கசாய் ஜப்பானின் செண்டாய் நகரத்து அறுவை மருத்துவர், மொரியோ கசாய். 1950களில் அவர் செய்து காட்டியது இது. முதலில் மேஜையிலேயே பித்தப்பையில் சாயம் செலுத்திப் படம் எடுத்து, வழி இல்லை என்று உறுதி செய்வார்கள். பிறகு நார் போலாகிவிட்ட நாளத்தை வெட்டி எடுத்துவிட்டு, சிறுகுடலை மேலே இழுத்துக் கல்லீரலின் வாயிலேயே தைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களிலிருந்து பித்தம் அதில் கசிய வேண்டும். கசியுமா என்பது பிள்ளை கக்கா போன பிறகுதான் தெரியும்.

ஆறாம் நாள் பச்சையாகப் போனாள். போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டேன். சாப்பிடுகிற நேரத்தில் இதைப் போடுகிறானே என்று மச்சான் திட்டினான்.

இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்தக் காலாண்டில் நான் கடையைச் சரியாகத் திறக்கவில்லை, டார்கெட் வரவில்லை. பதினோரு வருஷ டீலர், பிள்ளை ஐசியூவில் என்று ஆள் விட்டுச் சொல்லியும் பெயின்ட் கம்பெனி எனக்குத் தர வேண்டிய தள்ளுபடியை வெட்டிவிட்டது. தீபாவளிக்கு மட்டும் "நம் குடும்பம்" என்று ஸ்வீட் பாக்ஸ் வரும்.

கசாயோடு கதை முடியாது என்பதையும் மறைக்கக் கூடாது. இரண்டு முறை காய்ச்சலோடு பித்தக்குழாய்த் தொற்று வந்து படுத்தோம். மண்ணீரல் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கிறது. இப்போது ஏழு வயது, இன்னும் சொந்தக் கல்லீரல். பலருக்குப் பின்னால் மாற்றுக் கல்லீரல் தேவைப்படும். எங்களுக்கும் வரலாம். எனக்கும் அவளுக்கும் ஒரே ரத்தப் பிரிவு, நானே கல்லீரல் கொடுக்க வேண்டி வரலாம் என்று தொப்பையைக் குறைத்து வைத்திருக்கிறேன். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று 1998இல் டெல்லியில். இதே நோய், காஞ்சிபுரத்துப் பையன், கொடுத்தது அவன் அப்பா. அந்தப் பையன் இப்போது டாக்டர்.

தைவானிலும் ஜப்பானிலும் குழந்தை பிறந்ததும் கக்கா நிறம் பார்க்க ஓர் அட்டை கொடுக்கிறார்கள். தைவானில் 2004 முதல் நாடு முழுக்க, ஜப்பானில் 2012 முதல் தாய்சேய் கையேட்டிலேயே. நம் கடைகளில் சுவருக்கு ஆயிரம் நிறத்தில் ஷேட் கார்டு இருக்கிறது.

உங்களுக்கு இன்று 38 ஆகிறது. நாளைக் காலையில் துணியை வாசல் வெளிச்சத்தில் நீங்களே விரித்துப் பாருங்கள், டியூப்லைட்டில் பார்க்காதீர்கள். கடுகு மஞ்சளோ பச்சையோ என்றால் பாதி நிம்மதி. அப்படியே இருந்தாலும் ரத்தம் எடுங்கள். சில பிள்ளைகளுக்கு முதலில் மஞ்சளாகப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளுக்கும். ரிசல்ட் வந்ததும் டைரக்ட் எவ்வளவு என்று இங்கேயே எழுதுங்கள், ராத்திரி கடை அடைத்ததும் பார்க்கிறேன்.